சோறு இல்லாத பை

அந்த அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒரு வருடத்துக்கும் மேலாகக் கடைக்கு வந்து போனவர். என் ஃபோனில் அவர் எண்ணைப் ‘பரணி அக்கா’ என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். பரணி அவர் பார்த்துக்கொண்ட நாய். அதன் நிஜப் பெயர் பிரவுனி. அந்தப் பெயர் அக்காவுக்குப் பிடிபடவில்லையா, பிடிக்கவில்லையா தெரியாது, வேலைக்குச் சேர்ந்த வாரமே பரணி ஆக்கிவிட்டார். நாய்க்கும் அதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

அடையாறு காந்தி நகரில் எனக்கு நாய், பூனைத் தீனி விற்கும் கடை. இரண்டு தெரு தள்ளி, தனியாக வசித்த ஒரு மேடம் வீட்டில் அக்காவுக்கு வேலை. மேடம் காலை எட்டரைக்கு ஆபீஸ் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். பகல் முழுக்க வீடும் நாயும் அக்காவின் பொறுப்பு. ஆற்றோரம் வீடு இருந்தவரை நடந்தே வந்து போனவர். அரசாங்கம் அந்த வீடுகளை இடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்குக் கொண்டுபோய் வைத்த பிறகு இரண்டு பஸ் மாறி வந்தார். வேலையை விடவில்லை.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்வேன். சோறு தின்னாத ஜீவனை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. மனிதன், நாய், காக்காய், யாராக இருந்தாலும் சரி.

கடைப் படி ஏறும்போதே “துன்னியா நைனா?” என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். பேச்சுக்குக் கேட்கிற ஆள் இல்லை. பதிலைச் சரிபார்ப்பார். எனக்குச் சர்க்கரை வந்து, டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்ன புதிதில் ஒருநாள், “ஆச்சுக்கா, மூணு சப்பாத்தி” என்றேன்.

“அது நாஸ்டாப்பா. சோறு துன்னியான்னு கேட்டேன்.”

“மதியத்துக்கே சப்பாத்திதான்கா. சுகர்.”

“எங்க ஊட்டாண்ட ஒருத்தரு அப்பிடித்தான், ரொட்டியா துன்னுக்கினு இருந்தாரு” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். மறுவாரம் ஒரு சின்ன டப்பாவில் கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு என் மேஜை மேல் இருந்தது. “ரெண்டு வாய்தான். டாக்டரு வந்து பாக்கப் போறாரா?” என்றார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

ஆள் ஒல்லி. காற்றடித்தால் புடவை மட்டும்தான் நிற்கும் என்று நான் கிண்டல் செய்வேன். ஆனால் கையில் எப்போதும் ஒரு பெரிய தூக்குக் கேரியர். இவ்வளவு சோறும் எங்கேக்கா போகிறது என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பரணிக்குத் தோல் வியாதி. வயிற்றடியில் சிவந்து, காது மடலிலும் பாதங்களுக்கு இடையிலும் புண். சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். ஊசி போட்டால் அடங்கும், மருந்து தீர்ந்தால் திரும்ப வரும். நாய் டாக்டர் கடைசியில் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். முதலில் தானியம். அரிசி, கோதுமை, மக்காச்சோளம் எதுவும் சேராத, கறி அதிகமுள்ள உலர்தீனி ஒன்று. எட்டு வாரத்துக்கு அதைத் தவிர வேறு எதுவும் வாயில் படக் கூடாது.

மேடம் நேரே என்னிடம் வந்தார். இந்த விஷயத்தில் என் வாய் சும்மா இருக்காது. பையின் முன்பக்கத்தில் ஓநாயும் பனிமலையும் போட்டிருப்பான், அதைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் திருப்புங்கள் என்று ஆரம்பித்தேன். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள், முதல் பெயர் கறியா, இரண்டாவதும் கறியா என்று பாருங்கள். தானியம் இல்லை என்று போட்டுவிட்டு உள்ளே பட்டாணியை அடைத்து வைத்திருப்பவனும் உண்டு. குட்டிகளுக்கான தீனியை எடுக்காதீர்கள், வளர்ந்த நாய்க்கென்று போட்டிருப்பதை எடுங்கள், இல்லாவிட்டால் உடம்பு போட்டுவிடும். பழைய தீனியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். இப்படி அரை மணி நேரம் பேசி, ஒரு கோழிக்கறித் தீனியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். மேடம் என்னை மரியாதையாகப் பார்த்தார். எனக்கும் அது பிடித்திருந்தது.

இரண்டாவது பையை வாங்க அக்கா வந்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. காலிப் பையின் மூலையை வெட்டி எடுத்து வந்து, நிறத்தை வைத்துப் பொருத்திப் பார்ப்பார். சரியான பையைத் தானே கண்டுபிடித்து, மேஜை மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல இன்னாதான் கீது நைனா?”

“கோழிக்கறிதான்கா நிறைய.”

“சோறு?”

“சோறே கிடையாது. அதுதான் இதுல விசேஷம்.”

“அப்பால?”

“பட்டாணி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் கீரை.”

அக்கா விரல் மடக்கி எண்ணினார். “கறி வெச்சிக்கிறான். பொரியல் வெச்சிக்கிறான். கீரை வெச்சிக்கிறான். இவ்ளோவும் வெச்சிட்டு சோத்த மறந்துட்டானா?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தீனிக் கம்பெனிக்காரர் ஒருவர் கடையில் இருந்தார், அவரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையோ பட்டினி போட அனுப்புவதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனார். இந்தப் பேச்சை வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லி ரொம்ப நாள் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

எட்டு வாரம் முடிந்தது. புண் ஆறவில்லை. கோழிதான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று மீனுக்கு மாற்றினோம். அதுவும் தானியமில்லாததுதான், கறி இன்னும் அதிகம். மறுபடி எட்டு வாரம். காது மடல் கொஞ்சம் தேறியது போலத் தெரிந்தது, பிறகு பழைய கதை. மேடம் அக்காவைக் கூப்பிட்டு வைத்து, வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டார். நானும் அப்போது அங்கே இருந்தேன். “இல்லம்மா, ஒண்ணுமே குடுக்கல” என்றார் அக்கா. அந்த முகத்தில் பொய் இல்லை. அதனால் சந்தேகம் மறுபடி தீனிமேல் வந்தது, தீனிமேல் வந்தால் என்மேல் வந்தது என்று அர்த்தம்.

அந்த வருடம் மழையில் இரண்டு நாள் ஊர் முடங்கிப் போனது. ஆபீஸுக்குப் போன மேடம் அங்கேயே மாட்டிக்கொண்டார். பஸ் இல்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு அக்கா முழங்கால் தண்ணீரில் நடந்து என் கடையைத் தாண்டிப் போனார். கேரியரைப் பாலித்தீன் பையில் சுற்றித் தலைமேல் வைத்திருந்தார். எங்கிருந்து நடக்க ஆரம்பித்தாரோ தெரியாது. உதடு நீலம் பாரித்திருந்தது.

“எதுக்குக்கா இந்த மழையில? தீனிதான் வீட்ல இருக்கே. பக்கத்து வீட்லதான் ஒரு சாவி இருக்கே, மேடம் ஃபோன் பண்ணி ஒரு கிண்ணம் போடச் சொல்லியிருப்பாங்க.”

“தீனி கீது” என்றார். நின்று, ஏதோ சொல்ல வந்து, “நான் வரேன்பா, மணி ஆயிடுச்சி” என்று போய்விட்டார். எவ்வளவு விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன். மரமண்டை நான்.

மீனுக்குப் பிறகு ஆட்டுக்கறி. அந்தப் பையை நானே ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஒரு மதியம் மேடம் வீட்டுக்குப் போனேன். கேட் சாத்தியிருந்தது, பூட்டவில்லை. நாய் குரைக்கும் என்று பார்த்தேன், சத்தமே இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

குழாயடியில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கேரியர் திறந்திருந்தது. எதிரே பரணி. பக்கத்தில் அதன் தீனிக் கிண்ணம், ஒன்று மிச்சமில்லாமல் நக்கி வைத்தது. அக்கா குழம்புச் சோற்றை உருட்டி நாய்க்கு ஒரு வாய் கொடுத்தார், பிறகு தானும் ஒரு வாய் சாப்பிட்டார். அவர் விழுங்கும்வரை அது காத்திருந்தது. பிறகு அதற்கு ஒரு வாய். கேரியர் ஏன் பெரியது என்று அப்போதுதான் புரிந்தது. பெரிய கேரியரிலும் பாதிதான் அவருடையது என்பதும் புரிந்தது.

என்னைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை. “வா நைனா. துன்னியா?” என்றார். ஒளித்துச் செய்கிறவரின் குரல் இல்லை அது.

“என்னக்கா பண்றீங்க?”

“பரணி துன்றான்.”

“வேற எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே. மேடம் கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்களே.”

“இல்லதான். பொறை கேப்பான், பிஸ்கட்டு கேப்பான், ஒண்ணு குடுத்ததில்ல. நீ குடுத்தத டம்ளர்ல அளந்து முழுசா போட்டுட்டேன், கிண்ணத்தப் பாரு. அத்த துன்னப்பறம்தான் சோறு. சோறு எப்பிடி நைனா வேற ஆவும்?”

என் கோபம் எல்லாம் அந்தக் கேள்வியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அவரைப் பொறுத்தவரை நான் விற்றது நொறுக்குத்தீனி. கடலை, முறுக்கு மாதிரி ஒன்று. டாக்டர் தடுத்ததும் நொறுக்குத்தீனியைத்தான். சாப்பாட்டைத் தடுக்க எந்த டாக்டருக்கு மனசு வரும் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார்.

பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். அரிசியே இதற்கு ஆகாமல் இருக்கலாம், நாலைந்து மாதமாக நாங்கள் எதை நிறுத்திப் பார்க்கிறோமோ அதையே நீங்கள் தினமும் ஊட்டியிருக்கிறீர்கள் என்றேன். பரணியின் காதைத் திருப்பிப் புண்ணைக் காட்டினேன். அக்காவின் கை நின்றுவிட்டது.

“சோறு ஒருத்தருக்கு ஆவாம போவுமா?” என்று மெதுவாகக் கேட்டார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

நாய் அடுத்த வாய்க்காக அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விரலில் ஒட்டியிருந்த பருக்கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எங்க ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தாரு. மூக்குல டியூபு. ஒரு வாய் சோறு குடுடின்னு கேட்டாரு. டாக்டரு குடுக்காதன்னாரு, நான் குடுக்கல. ரெண்டு நாளு கேட்டாரு. மூணாம் நாளு கேக்கல.” விரலைக் கேரியர் விளிம்பில் வழித்தார். “டாக்டரு சொன்னது ரைட்டாதான் இருக்கும். அவுரு எப்பிடியும் போயிருப்பாரு. இருந்தாலும் குடுத்திருக்கலாம். இந்தப் பரணி வேற, நான் துன்றப்ப என் வாயயே பாத்துக்கினு இருந்தான். எனக்குத் தொண்டையில எறங்கல நைனா.”

நான் பையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் கேரியரை மூடினார். நாய் எழுந்து மூடியை முகர்ந்தது. அதன் தலையைத் தள்ளிவிட்டார், வலிக்காமல்.

“அம்மாவாண்ட சொல்லாத. இன்னியோட நிறுத்திட்றேன். எனக்கு இவன உட்டா பகலுக்கு ஆளில்ல.”

சொல்ல மாட்டேன் என்றேன். தெளிவாக, வாய் திறந்து சொன்னேன்.

நான்காம் நாள் மேடம் ஃபோன் செய்தார். புண் இன்னும் மோசமாக இருக்கிறது, மூன்று தீனி மாற்றியாயிற்று, உங்களுக்கு இதைப்பற்றி ஒன்றும் தெரியவில்லை, காலனி வாட்ஸ்அப் குழுவிலும் அதை எழுதிவிட்டேன், மற்றவர்களாவது ஏமாறாமல் இருக்கட்டும் என்றார். எழுதியதை நானும் பார்த்திருந்தேன். கீழே நாலைந்து பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இன்னும் எட்டு வாரம் பொறுங்கள் மேடம், இந்தத் தடவை சரியாகும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை என்றுதான் அப்போது நம்பியிருந்தேன்.

“தீனியில தப்பில்ல மேடம். மதியம் அக்கா சோறு போடறாங்க. நானே பார்த்தேன்” என்றேன்.

ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். அக்காவுக்காகக் கொஞ்சம் பரிந்து பேசலாம் என்று வாயெடுப்பதற்குள் மேடம் ஃபோனை வைத்துவிட்டார்.

மேடம் கெட்டவர் இல்லை. கத்தவில்லை, திட்டவில்லை என்று பிறகு அவரே சொன்னார். உங்கள்மேல் கோபமில்லை அக்கா, ஆனால் இவனை நம்பி உங்களிடம் விட்டுவிட்டு என்னால் ஆபீஸில் உட்கார முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஏஜென்சி மூலமாகப் புது ஆள் வந்தார். ஃபோன் செய்த அன்று சாயங்காலமே மேடம், தவறு கடையின்மேல் இல்லை, மன்னிக்கவும் என்று குழுவில் எழுதினார். அந்த வாரம் எனக்குப் புதிதாக இரண்டு வாடிக்கை கிடைத்தது. அந்த இரண்டு பேரையும் இன்றைக்கும் எனக்குப் பிடிப்பதில்லை. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

அதே ஆட்டுக்கறித் தீனி. பத்து வாரத்தில் பரணியின் காதில் முடி முளைத்தது. பாதங்கள் காய்ந்தன. மேடம் அவனைக் கடைக்கே கூட்டிவந்து காட்டினார். எண்ணெய் தடவியதுபோல உடம்பு மின்னியது. அரிசிதான் காரணமா, குழம்பில் இருந்த ஏதாவதா என்று டாக்டர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இரண்டும் நின்றது, புண்ணும் நின்றது. அதற்கு மேல் யாருக்கு என்ன தெரிய வேண்டும்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது அக்கா வந்தார். நெற்றியில் விபூதி, கையில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி. பெசன்ட் நகர் மாதா கோவிலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். சோழிங்கநல்லூர் பக்கம் ஏதோ கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலையாம். இன்னும் இளைத்திருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“பரணிக்குப் புண்ணு ஆறிச்சா நைனா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு பதில் இருந்தது. ஆறவில்லை என்றால் தப்பு அவர்மேல் இல்லை என்று ஆகும், ஆனால் அந்த நாய் இன்னும் சொறிந்துகொண்டு கிடக்கிறது என்று நினைத்து வதைபடுவார். ஆறிவிட்டது என்றால் வேறு விதமாக வதைபடுவார். ஏற்கனவே செய்த காரியத்தின்மேல் பொய்யும் சேர வேண்டாம் என்று தோன்றியது.

“ஆறிடுச்சுக்கா.”

“முழுசா?”

“முழுசா. முடியெல்லாம் முளைச்சிடுச்சு.”

ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தார். காதை, பாதத்தை, வயிற்றை என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. நிஜமான சந்தோஷம். பிறகு புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

“மாதாவாண்ட இதத்தான் கேட்டுக்கினு வந்தேன். நல்லா கீறான். நான் இல்லாம நல்லா கீறான்.”

“அக்கா, அன்னிக்கு நான்…”

“நீ சொன்னது நல்லதாப் போச்சு நைனா” என்றார் அக்கா. “நான் நிறுத்தியிருக்க மாட்டேன். நாலு நாளும் குடுத்துக்கினுதான் இருந்தேன். கையால ஊட்டி ஊட்டி நானே அவன ரணமாக்கிக்கினு இருந்திருக்கேன் பாரு.”

அதைச் சொல்லும்போதும் அழவில்லை. பஸ் வந்துவிடும் என்று கிளம்பினார். நானும் தெருமுனைவரை கூடவே போனேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஃபோன் செய்தேன், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. பெயர் தெரியாமல் பெரும்பாக்கத்து அத்தனை மாடிகளில் யாரைப் போய்க் கேட்பது.

தெருமுனைவரை நடந்தேனே, அவரிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருந்தது. முந்தின வாரம்தான் மேடம் சொல்லியிருந்தார். பரணி காலையிலும் மாலையிலும் மட்டும்தான் தீனி தின்கிறானாம். மதியம் புது ஆள் வைத்தால் தொடுவதில்லையாம். பன்னிரண்டு மணி ஆனால் பின்பக்கம் குழாயடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான், யார் கூப்பிட்டாலும் ஒரு மணி நேரம் எழுந்திருப்பதில்லை, எதிரே காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றார். டாக்டரிடமும் கேட்டாராம். உடம்பில் ஒன்றுமில்லை என்றாராம்.

சொன்னால் மறுநாளே லீவு போட்டுவிட்டு வந்து நிற்பார், மேடத்திடம் நான்தான் போய்ப் பேச வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அந்த நாய்க்குத் தன்னால் நோய் மட்டும்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினார். அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும், மேடத்துக்குத் தெரியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை.